கிறிஸ்துமஸ் மரம், டிசம்பர் 25, சான்டா: எல்லாம் ரோமர்களிடம் சுட்டதுதானா?

#1 வடகரையான்

டிசம்பர் பிறந்தால் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரே பார்வர்டு இரண்டு பேரிடமிருந்து வரும். ஒருவர் பெரியப்பா, பழைய கடவுள் மறுப்பாளர். இன்னொருவர் மதினி, மரம், ஸ்டார் எதுவும் கூடாது என்கிற சபைக்குப் போகிறவர். இரண்டு பேருக்கும் வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாது. இதில் மட்டும் வரிக்கு வரி ஒற்றுமை!

பார்வர்டின் சாரம்: டிசம்பர் 25 ரோமர்களின் சூரியக் கடவுளுக்குப் பிறந்தநாள். ரோமர்கள் கும்பிட்ட இன்னொரு கடவுள் மித்ரா பிறந்ததும் அன்றுதான். சாட்டர்னேலியா என்ற குடிக் கூத்துக்குப் பெயர் மாற்றி கிறிஸ்துமஸ் ஆக்கினார்கள். மரம் பைபிளில் வரும் பாபிலோன் ராஜா நிம்ரோதுடையது. சான்டா உண்மையில் வடக்கத்தி ஐரோப்பியக் கடவுள் ஓடின். அவருக்குச் சிவப்புச் சட்டை மாட்டியது கோகோ கோலா.

இதில் எது நிற்கும், எது விழும்? நம்பிக்கை சரியா தவறா என்ற சண்டை வேண்டாம். வழக்கம் எங்கிருந்து வந்தது, எந்த ஏட்டில் இருக்கிறது, அது மட்டும் போதும்.

#2 பகுத்தறிவாளன்72

உங்கள் பெரியப்பா சொல்வதில் என்ன தப்பு? பைபிளில் தேதியே கிடையாது. முதல் இருநூறு வருடம் யாரும் கிறிஸ்துமஸ் கொண்டாடவில்லை. பிறந்தநாள் கொண்டாடுவதெல்லாம் பார்வோன், ஏரோது மாதிரி ஆட்கள் செய்கிற வேலை என்று மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜனே எழுதியிருக்கிறார். ரோமப் பேரரசர் ஆரேலியன் 274-இல் ரோமில் சூரியனுக்குக் கோயில் கட்டினார். அப்புறம் சபைக்கு அதிகாரம் வந்ததும் தேதியை எடுத்துக்கொண்டது. கதை முடிந்தது.

#3 மெழுகுதிரி

கதை அங்கே முடியவில்லை தோழர். தேதியை முதலில் எடுக்கிறேன். பார்வர்டில் உண்மையிலேயே சிக்கலான விஷயம் அது ஒன்றுதான்.

ரோமில் 354-ஆம் ஆண்டுக்கு ஒரு பஞ்சாங்கம் தயாரானது. வாலன்டினஸ் என்ற வசதியான கிறிஸ்தவருக்காக பிலோகாலஸ் என்ற எழுத்துக் கலைஞர் செய்து கொடுத்தது. மூலப் பிரதி அழிந்துவிட்டது, படியெடுத்ததைப் படியெடுத்துத்தான் நம் கைக்கு வந்திருக்கிறது. அதில் அரசு விழாக்களைச் சொல்லும் பகுதியில் டிசம்பர் 25-க்கு நேராக ஒரு சின்னக் குறிப்பு: 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள், 30 பந்தயங்கள்'. தேரோட்டப் பந்தயம்தான். 'வெல்லப்படாதவன்' சூரியன் என்று கொள்கிறார்கள். நியாயமான ஊகம்தான்.

அதே தொகுப்பில் இன்னொரு பகுதி, ரோமில் நினைவுகூரப்பட்ட மறைசாட்சிகளின் பட்டியல். அது ஜனவரியில் தொடங்கவில்லை. டிசம்பர் 25-இல் தொடங்குகிறது, 'யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார்' என்று. இந்தப் பட்டியலின் அடிப்படை 336-இல் போடப்பட்டது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு.

இப்போது சிக்கல் புரிகிறதா? சூரியனுக்கு டிசம்பர் 25 என்பதற்கும், கிறிஸ்துவுக்கு டிசம்பர் 25 என்பதற்கும் நம்மிடம் இருக்கிற மிகப் பழைய தெளிவான சாட்சி ஒரே புத்தகம். ஆரேலியன் கோயில் கட்டியது உண்மை. ஆனால் அதை டிசம்பர் 25-இல் திறந்தார் என்று அவர் காலத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. எண்பது வருடம் கழித்து வந்த இந்தப் பஞ்சாங்கத்தை வைத்துப் பின்னோக்கிப் போய்ச் சொல்கிறார்கள். அதே பஞ்சாங்கத்தில் அக்டோபரில் சூரியனுக்கு 36 பந்தயத்தோடு இதைவிடப் பெரிய விழா ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பார்வர்டு மூச்சே விடாது.

மற்ற இரண்டும் சீக்கிரம் முடிந்துவிடும். சாட்டர்னேலியா டிசம்பர் 17-இல் தொடங்கும், இழுத்தடித்தாலும் 23-உடன் சரி. எஜமானர்கள் அடிமைகளுக்குப் பரிமாறுவது, மெழுகுவர்த்தியும் மண் பொம்மையும் பரிசாகக் கொடுப்பது எல்லாம் உண்டு. தேதிதான் பொருந்தாது. மித்ரா பாறையிலிருந்து, கையில் கத்தியும் தீவட்டியுமாக, வளர்ந்த ஆளாகவே வெளியே வருவதைச் சிற்பங்களில் பார்க்கலாம். ரோமானிய மித்ரா வழிபாட்டில் அவருக்குப் பிறந்த தேதி சொல்கிற பழைய ஆதாரம் ஒன்றுகூடக் கிடையாது.

#4 பகுத்தறிவாளன்72

ஏட்டில் இல்லாததால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடுமா? மூன்று விஷயம் சொல்கிறேன், பதில் சொல்லுங்கள்.

ரோமர்கள் ஜூலியன் நாட்காட்டியில் குளிர்காலத் திருப்பத்தை டிசம்பர் 25 என்றுதான் கணக்கு வைத்திருந்தார்கள். பகல் நீள ஆரம்பிக்கிற நாள், சூரியன் 'மறுபடி பிறக்கிற' நாள். இதற்குக் கோயில் திறப்பு விழாச் சான்றிதழ் தேவையில்லை, வானம் போதும்.

அடுத்தது, கிறிஸ்தவர்களே இயேசுவை 'நீதியின் சூரியன்' என்று பைபிளின் மல்கியா புத்தகத்தை வைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் 321-இல் சூரியனின் நாளை, அதாவது ஞாயிற்றுக்கிழமையை, ஓய்வுநாளாக அறிவிக்கும்போது சூரியன் பெயரைச் சொல்லித்தான் அறிவிக்கிறார்.

கடைசியாக போப் லியோ. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில், கிறிஸ்துமஸ் பிரசங்கத்திலேயே திட்டுகிறார். புனித பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறுகிற கிறிஸ்தவர்கள் உள்ளே போவதற்கு முன் திரும்பி நின்று உதிக்கும் சூரியனைக் கும்பிடுகிறார்களாம். நூறு வருடம் கழித்தும் மக்கள் மனதில் சூரியன் போகவில்லை. இது தற்செயலா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா?

#5 பாரிமுனைப் பையன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வேலை பார்ப்பது ஆர்மேனியன் தெருப் பக்கம். அங்கே இருக்கிற பழைய ஆர்மேனியத் தேவாலயத்தைப் பற்றித் தேடியபோது ஆர்மேனியர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது ஜனவரி 6 என்று படித்தேன். ரஷ்யர்கள் ஜனவரி 7. டிசம்பர் 25 சூரியனுக்காக என்றால் இவர்கள் எந்தக் கிரகத்துக்காக?

#6 மெழுகுதிரி

பையன் கேட்டது நல்ல கேள்வி. முதலில் தோழருக்கு.

திருப்பம் டிசம்பர் 25 என்பது சரி, லியோவும் சரி. சூரியப் பேச்சு கிறிஸ்தவர்களிடம் நிறையவே இருந்தது. அதனால் தேதி அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போட்டியில் இன்னொரு விளக்கம் இருக்கிறது. உங்கள் பார்வர்டு அதைத் தொடுவதே இல்லை.

இயேசு இறந்த நாள் மார்ச் 25 என்று மேற்கில் ஒரு கணக்கு பழையது. கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சுமார் 200-லேயே சொல்கிறார். அவர் கருவான நாளும் அதே மார்ச் 25 என்று பிற்பாடு ஒரு நம்பிக்கை சேர்ந்துகொள்கிறது. ஆயர் அகஸ்டின் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார். மார்ச் 25-உடன் ஒன்பது மாதம் கூட்டுங்கள். டிசம்பர் 25. கிழக்கே சில இடங்களில் அந்த வசந்தகாலத் தேதி ஏப்ரல் 6. ஒன்பது மாதம் கூட்டினால் ஜனவரி 6. இதை 1889-இல் பிரெஞ்சு சபை வரலாற்றாளர் லூயி துஷேன் முன்வைத்தார். வேடிக்கை என்னவென்றால், சூரியத் தேதிக் கருத்தை ஜெர்மனியில் ஹெர்மன் உசெனர் விரிவாக எழுதியதும் அதே 1889-இல்தான். நூற்று முப்பது வருடத்துக்கு மேலாக இரண்டு கட்சியும் அடித்துக்கொண்டிருக்கின்றன.

என்னைக் கேட்டால், ஜனவரி 6-ஐயும் சேர்த்து விளக்குவது கணக்குக் கட்சிதான். சூரியக் கட்சி ஜனவரி 6 வந்ததும் திக்குகிறது. ஆனால் கணக்குக் கட்சிக்கும் ஒரு ஓட்டை உண்டு. 'மார்ச் 25-இலிருந்து எண்ணித்தான் இந்தப் பண்டிகையை வைத்தோம்' என்று தொடக்க காலத்தில் பண்டிகையை நிறுவிய யாரும் எழுதி வைக்கவில்லை. பண்டிகை வந்த பிறகு அதற்கு நியாயம் சொல்லத்தான் கணக்குப் போட்டார்கள் என்று எதிர்க்கட்சி சொன்னால் வாயை அடைக்க முடியாது.

பையனுக்கு: கிழக்கில் முதலில் பெரிய நாள் ஜனவரி 6-தான். பிறப்பு, திருமுழுக்கு எல்லாம் சேர்த்து. டிசம்பர் 25 ரோமிலிருந்து மெதுவாகக் கிழக்கே போனது. அந்தியோக்கியாவில் 386-இல் யோவான் கிறிசோஸ்தோம் என்ற குரு பிரசங்கம் செய்யும்போது, இந்த நாள் நமக்குத் தெரியவந்து இன்னும் பத்து வருடம் ஆகவில்லை என்கிறார். ஆர்மேனியர்கள் பழைய ஜனவரி 6-ஐ விடவில்லை. ரஷ்யர்கள் கதை வேறு. அவர்களுக்கும் டிசம்பர் 25-தான், ஆனால் ஜூலியன் நாட்காட்டியில். அது நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கியிருக்கிறது, அதனால் நமக்கு ஜனவரி 7. எருசலேம் ஆர்மேனியர்கள் ஜனவரி 6, ஜூலியன் இரண்டையும் பிடித்துக்கொள்வதால் அவர்களுக்கு ஜனவரி 19. ஆக பெத்லகேமில் மட்டும் மூன்று கிறிஸ்துமஸ். அங்கே கேக் கடை வைத்திருப்பவர் கொடுத்து வைத்தவர்.

#7 ஒலிவமலை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தேதியைப் பற்றி நான் வாதாடவில்லை. ஆனால் மரத்தைப் பற்றி வேதமே தெளிவாகச் சொல்கிறது. எரேமியா 10-ஆம் அதிகாரம் 3, 4 வசனங்களைப் பாருங்கள். காட்டில் மரத்தை வெட்டி, வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரித்து, அசையாதபடி ஆணி அடித்து நிறுத்துகிறார்கள் என்று இருக்கிறது. இது புறஜாதியாரின் வழக்கம், இதைக் கற்றுக்கொள்ளாதே என்று கர்த்தர் சொல்கிறார். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

#8 ஆரோக்கியம் டீச்சர்

சகோதரி, வசனத்தை 4-உடன் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் கீழே வாசியுங்கள். அந்த மரத்தைத் தச்சன் வாச்சியால் செதுக்குகிறான். 5-ஆம் வசனத்தில் அது பேசாது, நடக்காது, தூக்கிச் சுமக்க வேண்டும் என்கிறார். 9-இல் அதற்கு இளநீல உடையும் இரத்தாம்பரமும் போர்த்துகிறார்கள். கிறிஸ்துமஸ் மரத்துக்கு யாராவது சட்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அது மரத்தில் செய்த சிலை. எரேமியா திட்டுவது விக்கிரகத்தை. அவருக்கும் ஃபிர் மரத்தில் சீரியல் லைட் சுற்றுகிற வழக்கத்துக்கும் நடுவில் ரெண்டாயிரம் வருடம் கிடக்கிறது.

மரம் வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் எரேமியாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள், பாவம்.

#9 மெழுகுதிரி

டீச்சருக்கு ஒரு சபாஷ். மரத்தின் வரலாறு தேதியைப் போல மர்மம் இல்லை. ஏட்டில் தடம் தெரிகிறது, அந்தத் தடம் ரோமுக்குப் போகவே இல்லை. ரைன் ஆற்றங்கரைக்குப் போகிறது.

இன்றைய பிரான்சின் கிழக்கு எல்லையில், அல்சாஸில் செலஸ்டா என்று ஒரு ஊர். அந்த நகராட்சியின் 1521 கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவு வரி இருக்கிறது, பண்டிகைக்காகக் காட்டில் மரம் வெட்டாதபடி காவல் பார்த்தவர்களுக்கு 4 ஷில்லிங். எனக்கு இந்த ஆதாரம் மிகவும் பிடிக்கும். யாரும் பக்தியாக எதையும் சொல்லவில்லை, மரத் திருட்டைத் தடுக்கக் கூலி கொடுத்திருக்கிறார்கள். காவல் போடுகிற அளவுக்கு ஜனங்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

பக்கத்திலேயே ஸ்ட்ராஸ்பூர்க். 1605-இல் அங்கே தங்கிய ஒருவர் எழுதி வைத்த குறிப்பில், ஜனங்கள் வீட்டு அறைக்குள் ஃபிர் மரத்தை நிறுத்தி அதில் பல வண்ணக் காகித ரோஜாக்கள், ஆப்பிள்கள், அப்பம், தங்க ஜிகினா, சர்க்கரைப் பண்டங்கள் தொங்கவிடுகிறார்கள் என்கிறார். மெழுகுவர்த்தி இல்லை, அது பிறகு வருகிறது.

ஆப்பிள் ஏன் என்றால், டிசம்பர் 24 அங்கே ஆதாம் ஏவாள் நாள். அதையொட்டி ஏதேன் தோட்ட நாடகம் போடுவார்கள். குளிர்காலத்தில் பச்சையாக இருப்பது ஊசியிலை மரம்தான், அதில் ஆப்பிளைக் கட்டி மேடையில் வைத்தால் நன்மை தீமை அறியத்தக்க மரம் தயார். நாடகத்து மரம் வீட்டுக்குள் வந்தது என்பது பலர் ஏற்கிற விளக்கம். முழு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இடமும் நாளும் பழமும் பொருந்துகின்றன. பால்டிக் கடலோர ரீகா, தாலின் ஊர்களில் வணிகர் சங்கத்தார் சந்தையில் மரம் நட்டு ஆடியதாக அதற்கும் முந்திய பதிவுகள் உண்டு. முதல் மரம் எங்களுடையது என்று இரண்டு நகரமும் இன்றுவரை முறைத்துக்கொள்கின்றன.

இன்னொரு சாட்சி: ஸ்ட்ராஸ்பூர்க்கிலேயே 1640-களில் டன்ஹவர் என்ற லூத்தரன் இறையியலாளர் இந்த மரத்தைக் கண்டித்து எழுதுகிறார். வேத வசனம் சொல்லித் தருவதை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குப் பொம்மையும் மிட்டாயும் தொங்கவிடுகிறார்களே என்று. அதே இடத்தில், இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை என்கிறார். அந்த ஊர்க்காரர், அந்தக் காலத்தவர், வழக்கத்தைப் பிடிக்காதவர். அது பழைய பேய் வழிபாடு என்று அவருக்குத் தெரிந்திருந்தால் சும்மா விட்டிருப்பாரா?

சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் நட்சத்திர இரவில் நடந்துபோனபோது மெழுகுவர்த்தி மரம் தோன்றியது, ஜெர்மனிக்குப் போன மிஷனரி போனிபஸ் ஓக் மரத்தை வெட்டிய இடத்தில் ஃபிர் முளைத்தது என்பதெல்லாம் பிற்காலக் கதை. போனிபஸ் ஓக் மரத்தை வெட்டியது மட்டும் பழைய பதிவில் இருக்கிறது.

உலகம் முழுக்கப் பரவியது அச்சுப் படத்தால். இங்கிலாந்தில் ராணி சார்லட் 1800-லேயே வின்ட்சரில் யூ என்ற ஊசியிலை மரம் ஒன்றை அலங்கரித்து வைத்தார், அரண்மனைக்கு வெளியே அதிகம் போகவில்லை. 1848-இல் விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கிற படம் லண்டன் பத்திரிகையில் வந்ததும் எல்லா நடுத்தர வீட்டுக்கும் ஆசை வந்துவிட்டது. 1850-இல் ஒரு அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை அதே படத்தைப் போட்டது. எப்படி? விக்டோரியாவின் தலையிலிருந்த கிரீடத்தையும் ஆல்பர்ட்டின் மீசையையும் அழித்துவிட்டு! அரச குடும்பம் ஒரு நல்ல அமெரிக்கக் குடும்பமாகிவிட்டது. போட்டோஷாப் வருவதற்கு நூற்று முப்பது வருடத்துக்கு மேல் முன்னாடி.

#10 வடகரையான்

அருமை. அப்படியானால் நிம்ரோது எந்த வழியாக உள்ளே வந்தான்?

#11 கிளாஸ்கோ தமிழன்

இந்த ஊர்க்காரன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன். நிம்ரோது வந்தது ஸ்காட்லாந்து வழியாகத்தான்.

அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் 1853-இல் ஒரு சிறு பிரசுரம் போட்டார், 1858-இல் அது தடித்த புத்தகமானது. கத்தோலிக்கச் சபையின் ஒவ்வொரு வழக்கமும் பாபிலோனிலிருந்து, நிம்ரோதிடமிருந்து வந்தது என்று 'நிரூபிப்பது' அதன் நோக்கம். கிறிஸ்துமஸும் மரமும் அதில் மாட்டிக்கொண்டன. பாபிலோனியக் களிமண் ஏடுகளைப் படிக்கிற வித்தை அப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருந்தது. அந்த ஏடுகள் சரியாகப் படிக்கப்பட்டபோது ஹிஸ்லப் சொன்ன கதை எதிலும் இல்லை. ஆனால் புத்தகம் அச்சில் நின்றுவிட்டது. மதினி படிப்பது அதன் பேரப்பிள்ளை.

அதற்கும் முன்னால் பியூரிட்டன்கள், அதாவது பைபிளில் இல்லாத சடங்கெல்லாம் கூடாது என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட்கள். 1647-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பண்டிகைகளையே ஒழித்துச் சட்டம் போட்டது. அந்த டிசம்பரில் கேன்டர்பரியில் கடையைத் திறந்து வைக்கச் சொன்னதற்கு ஜனங்கள் கலவரமே செய்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மாசசூசெட்ஸில் 1659-இலிருந்து கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். 1681-இல்தான் நீக்கினார்கள். 1687-இல் பாஸ்டன் போதகர் இன்கிரீஸ் மாதர் எழுதுகிறார், பழைய கிறிஸ்தவர்கள் டிசம்பர் 25-ஐ வைத்தது இயேசு அன்று பிறந்தார் என்று நம்பி அல்ல, ரோமில் அப்போது சாட்டர்னேலியா நடந்ததால்தான் என்று. அதாவது பெரியப்பா அனுப்புகிற வாதத்தை எழுதி வைத்தது ஒரு தீவிரக் கிறிஸ்தவப் போதகர். இருவருடைய பார்வர்டும் ஒன்றாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை, ஊற்று ஒன்றுதான்.

இங்கே ஸ்காட்லாந்தில் அந்த வாடை போக வெகுகாலம் ஆயிற்று. 1640-இல் இங்கிருந்த நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறையை ரத்து செய்தது. 1958 வரை இங்கே டிசம்பர் 25 பொது விடுமுறை கிடையாது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வார், அவருடைய அப்பா கிறிஸ்துமஸ் அன்று டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்குப் போவாராம். கொண்டாட்டமெல்லாம் புத்தாண்டுக்குத்தான்.

#12 பகுத்தறிவாளன்72

சுவாரசியம்தான். ஆனால் சொன்னவன் யார் என்பதை வைத்துச் சொன்னது பொய்யாகிவிடாது. போதகர் சொன்னாலும் நான் சொன்னாலும் சரக்கு சரியா என்றுதான் பார்க்க வேண்டும்.

பழையதை உள்ளிழுத்துக்கொள்வது சபையின் கொள்கையாகவே இருந்ததற்கு எழுத்துச் சான்று தருகிறேன். 601-இல் போப் கிரகோரி இங்கிலாந்துக்குப் போகிற மடாதிபதி மெல்லிட்டஸுக்கு எழுதிய கடிதம். எட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் துறவி பீட் தன் வரலாற்றில் அப்படியே கொடுத்திருக்கிறார். கோயில்களை இடிக்காதே, சிலைகளை மட்டும் அகற்று, தீர்த்தம் தெளித்து ஆலயமாக்கு. மாடு வெட்டிப் பலி கொடுத்துப் பழகியவர்கள், அதனால் திருநாள் அன்று ஆலயத்தைச் சுற்றிப் பந்தல் போட்டு அந்த மாட்டைச் சமைத்துச் சாப்பிடச் சொல் என்கிறார். ஆங்கிலேயர்கள் கிறிஸ்தவர்களாகும் முன் டிசம்பர் 25-இல் வருடப் பிறப்பு வைத்திருந்தார்கள், அந்த இரவுக்குத் 'தாய்மார் இரவு' என்று பெயர் என்பதும் பீட் சொன்னதுதான்.

நார்வேயில் பத்தாம் நூற்றாண்டு ராஜா ஹாகோன். அங்கே நடுக்குளிர்கால யூல் பண்டிகை வேறு நாளில் இருந்தது. அதைக் கிறிஸ்துமஸ் நாளுக்கு மாற்றி, ஒவ்வொருவனும் ஒரு அளவு மால்ட்டில் பீர் காய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று சட்டம் போட்டதாக ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்னோரி எழுதுகிறார். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

#13 மெழுகுதிரி

இதைத்தான் ஆதாரம் என்பது. மூன்றையும் ஏற்கிறேன். (ஸ்னோரி எழுதுவது இருநூறு வருடத்துக்கு மேல் கழித்து, அதை மட்டும் ஓரமாகக் குறித்துக்கொள்வோம்.)

ஆனால் திசையைக் கவனியுங்கள். ஹாகோன் செய்தது, ஏற்கனவே இருந்த கிறிஸ்துமஸ் தேதிக்கு யூலை நகர்த்தியது. யூல் தேதிக்குக் கிறிஸ்துமஸ் போகவில்லை. விருந்தும் பீரும் பழையது, நாள் சபையுடையது. கிரகோரி கடிதத்திலும் அப்படித்தான், மாட்டுக்கறி பழையது, திருநாள் புதியது. வடக்கு ஐரோப்பாவின் தீனி, குடி, கணப்பில் போடும் பெரிய கட்டை, வீட்டில் பச்சிலை கட்டுவது இவற்றிலெல்லாம் கிறிஸ்தவத்துக்கு முந்திய குளிர்காலப் பழக்கம் ஒட்டியிருக்கும் என்று நினைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. குளிரில் மனிதர்கள் நெருப்பு மூட்டிச் சாப்பிடுவார்கள், எந்த மதத்திலும். மரம், சான்டா, கார்டு என்று போஸ்டரில் இருக்கிற சமாச்சாரங்கள்தான் அந்தப் பழமைக்கு உரிமை கொண்டாட முடியாதவை. முதல் கிறிஸ்துமஸ் கார்டே 1843-இல் ஹென்றி கோல் அச்சடித்தது. அதில் ஒரு குழந்தைக்கு ஒயின் புகட்டுகிற மாதிரி படம் இருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

#14 மட்டுறுத்துநர்

இடையில் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மதமாற்றம், தேர்தல், பிரியாணி ஆகியவற்றுக்கு இந்த இழையில் இடமில்லை. தொடருங்கள்.

#15 சோடாபுட்டி

பிரியாணியை நீக்கியது அநியாயம். சரி, சான்டா கோகோ கோலா சேல்ஸ்மேனா இல்லையா? ஓடினின் குதிரைக்கு எட்டுக் கால், சான்டாவுக்கு எட்டு மான். கணக்கு டேலி ஆகிறதே!

#16 கிளாஸ்கோ தமிழன்

எட்டு மான் ஓடுவது 1823 டிசம்பரில் நியூயார்க் மாகாணத்து டிராய் நகரப் பத்திரிகை ஒன்றில் பெயர் போடாமல் வந்த கவிதையில். கிளெமென்ட் மூர் எழுதியது என்பார்கள், இல்லை, எங்கள் ஹென்றி லிவிங்ஸ்டன் எழுதியது என்று லிவிங்ஸ்டன் குடும்பம் சொல்லும். அதற்கு இரண்டே வருடம் முன்பு, 1821-இல், நியூயார்க்கில் வந்த ஒரு சிறுவர் புத்தகத்தில் சான்டாவின் வண்டியை இழுப்பது ஒரே ஒரு மான். ஓடினிடமிருந்து வந்திருந்தால் முதலில் ஒற்றைக் கால் குதிரையா இருந்தது?

ஆதி ஆள் நிக்கோலாஸ், நாலாம் நூற்றாண்டு மீரா நகர ஆயர். இன்றைய துருக்கியில் டெம்ரே. வரதட்சணை கொடுக்க வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில் தங்கம் எறிந்தார் என்ற கதைதான் பரிசுக்கெல்லாம் மூலம். 1087-இல் இத்தாலியின் பாரி ஊர் மாலுமிகள் அவருடைய எலும்புகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், மேற்கிலும் அவர் புகழ் ஏறியது. அவர் திருநாள் டிசம்பர் 6. டச்சுக்காரர்கள் அதற்கு முந்தின நாள் மாலையில் பரிசு கொடுப்பார்கள். நியூயார்க் பழைய டச்சுக் குடியேற்றம். 1809-இல் வாஷிங்டன் இர்விங் அந்த டச்சுக்காரர்களைக் கிண்டல் செய்து ஒரு வரலாறு எழுதினார், அதன் 1812 திருத்தப் பதிப்பில் நிக்கோலாஸை மர உச்சிகளுக்கு மேல் வண்டியில் பறக்கவிட்டார். நையாண்டியாக எழுதியதை ஊரே சாமியாக ஏற்றுக்கொண்டது.

கோலாவுக்கு வருவோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடுவில், 1863 ஜனவரியில், தாமஸ் நாஸ்ட் என்ற கார்ட்டூனிஸ்ட் சான்டாவை வடக்குப் படை முகாமில் வரைந்தார். உடம்பில் நட்சத்திரமும் கோடும் போட்ட சட்டை, கையில் ஒரு ஆட்டப் பொம்மை. உற்றுப் பார்த்தால் பொம்மை தென்னகத் தலைவர் ஜெபர்சன் டேவிஸ், கயிறு அவர் கழுத்தில். குழந்தைகளின் தாத்தா அறிமுகமான லட்சணம் அது! அதற்கப்புறம் இருபது வருடம் நாஸ்ட் வரைந்து வரைந்துதான் தொப்பையும் தாடியும் நிலைத்தன. 1900-களின் தொடக்கத்தில் பக் என்ற நகைச்சுவைப் பத்திரிகை அட்டையில் சிவப்புச் சட்டையோடு வந்துவிட்டார். கோகோ கோலாவுக்காக ஹாடன் சன்ட்புளோம் வரைய ஆரம்பித்தது 1931. நிறம் அவர்களுடையது இல்லை. மற்ற நிறங்கள் மறந்துபோக அவர்களுடைய விளம்பரச் செலவு உதவியது.

#17 ஆரோக்கியம் டீச்சர்

குடிலை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. இதற்கு ஆளும் ஊரும் வருடமும் சுத்தமாகத் தெரியும். 1223, இத்தாலியில் கிரெச்சோ, அசிசி பிரான்சிஸ். ஜியோவான்னி என்ற அந்த ஊர்ப் பிரபுவிடம் சொல்லி மலைப்பக்கம் ஒரு முன்னணை, வைக்கோல், நிஜ மாடு, நிஜக் கழுதை ஏற்பாடு செய்தார். தீப்பந்தங்களோடு ஜனங்கள் வந்து நின்றார்கள், முன்னணைமேல் திருப்பலி நடந்தது. மரியாள் பொம்மை, சூசையப்பர் பொம்மை எதுவும் கிடையாது. பிள்ளை எந்தக் குளிரில், எதன்மேல் கிடந்தது என்று கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

மாடும் கழுதையும் லூக்காவில் இல்லை. ஏசாயா முதல் அதிகாரத்தில் மாடு தன் எஜமானை அறியும், கழுதை தன் முன்னணையை அறியும் என்று வருகிறதே, அங்கிருந்து நாலாம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பங்களிலேயே தொழுவத்துக்குள் நுழைந்துவிட்டன. மரியாள் இல்லாத சிற்பம்கூட உண்டு, மாடும் கழுதையும் நிற்கும். ஞானிகள் மூன்று பேர் என்றும் மத்தேயு சொல்லவில்லை, பரிசு மூன்று என்பதால் ஆளும் மூன்று ஆனார்கள்.

எங்கள் வீட்டில் டிசம்பர் தொடக்கத்தில் எவர்சில்வர் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவுவோம், 24-ஆம் தேதிக்கு விரற்கடை உயரப் புல் வந்துவிடும், ஆட்டுக்குட்டி பொம்மைகள் அதில் நிற்கும். பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் டிசம்பர் 4, பார்பரா திருநாளில் கோதுமையைத் தட்டில் முளைக்கப்போட்டுக் குடிலில் வைக்கிறார்கள் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. அங்கிருந்து இங்கே வந்ததா, தானாக இரண்டு இடத்திலும் முளைத்ததா என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள்.

#18 பாரிமுனைப் பையன்

டீச்சர், அடுத்தது ஸ்டார். வாசலில் கட்டுகிற காகித ஸ்டார் ஜெர்மனியின் மொராவியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையாரின் நட்சத்திரத்திலிருந்து வந்தது, தரங்கம்பாடியில் இருந்த மொராவியன் மிஷனரிகள் கொண்டுவந்தது என்று ஒரு பதிவு சுற்றுகிறதே?

#19 மெழுகுதிரி

தேதி இடிக்கிறது. மொராவியன்கள் தரங்கம்பாடிக்கு 1760-இல் வந்தார்கள், ஊருக்கு வெளியே தோட்டம் வாங்கித் தங்கினார்கள், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடையைக் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்தக் கூர் கூரான நட்சத்திரம் நிஸ்கி என்ற ஊரில் அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் கணித வகுப்புப் பயிற்சியாகப் பிள்ளைகள் செய்ய ஆரம்பித்தது, 1820, 30-களில். அவர்களுடைய தலைமையிடமான ஹெர்ன்ஹூட்டில் விற்பனைக்கு வந்தது அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்து. தரங்கம்பாடிக்காரர்கள் இல்லாத ஸ்டாரை எப்படிக் கொண்டுவந்திருப்பார்கள்? தவிர, அவர்களுடையது எல்லாப் பக்கமும் கூர் நீட்டிக்கொண்டிருக்கிற உருண்டை. நம் கடைகளில் மடித்து வைத்து விற்பது பெரும்பாலும் ஐந்து முனை, உள்ளே ஒரு பல்பு. ஜாடையே வேறு.

#20 சோடாபுட்டி

கேக்? பன்னிரண்டாம் இரவு கேக்தான் பிளம் கேக் ஆனது, உள்ளே ஒரு பயறு ஒளித்து வைப்பார்கள், கிடைத்தவன் அன்றைக்கு ராஜா என்று எங்கோ படித்தேன். ஜனவரி 5-இல் இருந்த கேக் எப்படி 25-க்குத் தாவியது? தலச்சேரியில் மம்பள்ளி பாபு 1883-இல் சுட்டதாகச் சொல்கிற கேக்கில் பயறு உண்டா?

#21 மட்டுறுத்துநர்

பன்னிரண்டாம் இரவு கேக் பற்றிப் படித்தது சரி. விக்டோரியா காலத்தில்தான் அது கிறிஸ்துமஸுக்கு நகர்ந்தது. ஆனால் கேக்குக்குச் சமையல் பிரிவில் தனி இழை தொடங்குங்கள், தலச்சேரிக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். ரம் அளவு பற்றிய விவாதமும் அங்கேயே.